கீழ் விளிம்பு

அவர் இன்னும் காபி குடிக்கவில்லை. தண்ணீர்கூட.

குடித்தால் சொட்டும். சொட்டினால் பை ஒட்டாது. பதினேழு வருடங்களாக, நான்கு நாளைக்கு ஒருமுறை, இந்த வீட்டின் காலை இப்படித்தான் தொடங்குகிறது.

அவர் கட்டிலில் படுத்துச் சட்டையை ஏற்றிக்கொள்கிறார். மின்விசிறியைப் பார்க்கிறார்.

அவள் பழைய சிறுநீர்ப் பையை மெல்ல உரிக்கிறாள். தொப்புளுக்கு வலப்புறம் சிவப்பாக ஒரு சிறு வாய். புற்று வந்த மூத்திரப்பையை எடுத்தபோது, குடலில் ஒரு துண்டை வெட்டி டாக்டர்கள் வைத்த வழி.

அவர் முகத்தைவிட அவளுக்கு அது பழக்கம்.

அதனால்தான் போன மாதம் கண்ணில் பட்டது. கீழ் விளிம்பில், கடுகளவு ஒரு முளை. அதற்கு முந்தைய முறை இல்லை.

"இந்த இடத்துல புதுசா கட்டி வர்றதே அபூர்வம்மா," என்றார் டாக்டர். "இவ்வளவு சின்னதா இருக்கும்போதே யாரு பாத்தது?"

வகுப்பில் பிள்ளைகள்போல அவள் கையை உயர்த்தினாள்.

வெட்டி எடுத்தார்கள். நேற்று அறிக்கை வந்தது. அதுவும் புற்றுதான். ஆனால் சுற்றிலும் சுத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் தெரிந்தது. அது அறிக்கையில் இல்லை.

ஒருநாள் காலை அவள் போய்ச்சேரத் தாமதமாகிவிட்டது. நர்ஸ் ஜெபசீலி சிரித்தாள்.

"சாரே பைய மாத்திக்கிட்டாரும்மா. என்ன நேக்கு! நானே அப்படி ஒட்ட மாட்டேன்."

அவரிடம் அவள் அதைக் கேட்கவில்லை.

பேருந்தில்தான் கோபம் வந்தது. பதினேழு வருடம். அக்கா வீட்டில்கூட மூன்று இரவுக்கு மேல் தங்கியதில்லை.

வீடு வருவதற்குள் அவருடைய தொப்பை நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தால் அவருக்கு மேல் பாதிதான் தெரியும்.

கீழ் விளிம்பு தெரியாது.

இப்போது அளவெடுத்துத் துளையை வெட்டுகிறாள். புதுப் பையை வைத்து அழுத்துகிறாள்.

"எனக்கு இதெல்லாம் கை வராது, வடிவு," என்கிறார் அவர், மின்விசிறியிடம். எப்போதும்போல.

"வராதுதான்."

உள்ளங்கைச் சூட்டில்தான் பசை பிடிக்கும். ஒரு நிமிடம் போதும்.

அடுப்பில் பால் பொங்கும் வாசனை வருகிறது.

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.