பதினோரு மணி வெயில்

மருமகளை மொட்டைமாடிக்குத் தள்ளிவிட்டு, மாமியார் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டாள். சரியாக மணி பதினொன்று. அரைமணி நேரத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த டெய்லர் அக்கா, துணியோடு சேர்த்து மருமகளையும் காயப் போட்டுவிட்டார்களா என்று கேட்டுச் சிரித்தாள். மருமகளும் சிரித்து வைத்தாள். ஆறு வருஷமாக "ஏதும் விசேஷம் உண்டா" என்று கேட்காத வாய் இல்லை. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னலே இல்லாத அடித்தள அறை. காலையில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவாள். சினைப்பையில் நீர்க்கட்டி என்பது முன்பே தெரியும். முழங்கால் வலி தாங்காமல் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், முப்பதாவது இருக்க வேண்டிய வைட்டமின் டி வெறும் எட்டு. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு இது குறைவது சகஜம்தான், வாரம் ஒரு மாத்திரையும் கொஞ்சம் வெயிலும் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

முதல் மாதம் வெட்கப்பட்டுக்கொண்டு, மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே வெயில் காய்ந்தாள். கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் இந்தத் தாழ்ப்பாள்.

மாத்திரையையும் மாமியாரே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நகரமாட்டாள். பேரன் ஆசை யாரைத்தான் விட்டது என்று மருமகள் நினைத்துக்கொள்வாள். வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுத்தால் சீக்கிரம் கரு தங்குமோ என்று ஒருநாள் கேட்டபோது மட்டும் மாமியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன ஆனாலும் வேலைய மட்டும் விட்டுடாத."

மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொள்ள வைத்ததும் அவள்தான்.

எட்டாவது மாதம் ரிப்போர்ட் வந்தது. டி முப்பத்தாறு. தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த மாதவிலக்கும் நாலு மாதமாக ஒழுங்கு. வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் அடுத்த வாரம் லீவில் வருகிறான். மருமகள் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறி வந்து காகிதத்தை நீட்டினாள்.

மாமியார் அதைப் படிக்கவில்லை. மாடி ஏறியதில் கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல உனக்கு ஒரு வீடு பாத்திருக்கேன். அவன் வர்றதுக்குள்ள நீ அங்க போயிடு."

ஆறு வருஷம் பொறுத்தவர்கள், உடம்பு தேறி வரும் இந்த நேரத்திலா பிள்ளையில்லாதவள் என்று துரத்துவார்கள்? மருமகள் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் குடுங்க அத்தை. உங்களுக்கு ஒரு பேரனப் பெத்துக் குடுத்துடறேன்."

மாமியாரும் உடைந்து போனாள்.

"பேரனுக்கு ரெண்டு வயசு ஆகுதும்மா, உன் புருஷன் வேலை பாக்குற ஊர்ல."