இரண்டு கதவு போதும்

"அம்பத்திரண்டு வயசிலை உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதோ?"

புனிதவதி கேட்டது கணவரைத்தான். ஆனால் கார்க் கடைக்குள் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரத்தினவேல் மட்டும் திரும்பவில்லை. அவர் அந்தச் சிவப்புக் காரின் கதவை அகலத் திறந்து வைத்து, சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

கார் விற்கிற இக்னேசியஸுக்குத் தர்மசங்கடம். பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டும் ஒரே கம்பனிக் கார், ஒரே எஞ்சின். நாலு கதவு வைத்தது செடான், இரண்டு கதவு வைத்த சிவப்புக் கார் கூப். ஒவ்வொரு நாளும் வெக்ஸ்போர்ட் வீட்டிலிருந்து மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போய்வர எது நல்லதென்று கேட்டால் அவர் செடானைத்தான் சொல்வார். சொல்லியும் விட்டார்.

"கேட்டியளே? விக்கிறவரே சொல்லுறார்."

இரத்தினவேல் மறுபடியும் சாண் போட்டார்.

வீட்டில் நின்ற பழைய வான் போன கிழமை உயிரை விட்டிருந்தது. மே மாதம் வன்னியில் சண்டை முடிகிற வரைக்கும் அந்த வானில்தான் அயலட்டையை ஏற்றிக்கொண்டு டவுன்ரவுனுக்குப் போய் நடு றோட்டில் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். இன்னொரு வானே வாங்குவோம் என்று புனிதவதி எவ்வளவோ சொன்னாள். வானில் படி உயரம், ஏறுவது கஷ்டம் என்று மறுத்துவிட்டார் மனுசன்.

"வான் படி ஏறேலாத கிழவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட ஏலுமாம்," என்று இக்னேசியஸிடம் முறையிட்டாள் அவள். "அரிசி மூட்டையை எங்கை வைக்கிறது? பனிக்குள்ளை உது வழுக்காதோ?"

"வழுக்காது அக்கா, விண்டர் ரயர் போட்டால் சரி. ஆனால் கதவு நீளம். அபார்ட்மென்ட் பாக்கிங்கிலை முழுக்கத் திறக்க இடம் காணாது."

"சுவர்க்கரை இடம் ஒண்டு கேட்டு எடுத்திட்டன்," என்றார் இரத்தினவேல்.

புனிதவதிக்கு மூக்கு நுனி சிவந்தது. "கார் வாங்க முந்தியே பாக்கிங்கும் மாத்தியாச்சோ? எல்லாம் எனக்குத்தான் கடைசியாய்த் தெரியவேணும்."

அதற்கு அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. செடானின் மற்றப் பக்கத்துக்குப் போனார். முன் சீற்றைப் பின்னுக்கு முழுக்கத் தள்ளினார். உட்கார்ந்து, வலது காலைப் பலகை மாதிரி நீட்டியபடியே உள்ளே திரும்பப் பார்த்தார். சப்பாத்து கதவுச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணை, ஸ்ரியரிங் அங்காலை," என்றார் இக்னேசியஸ் சிரித்துக்கொண்டு. "காலைக் கொஞ்சம் மடக்கினால் சரி."

"மடக்காமல் ஏறேலுமோ எண்டுதான் பாக்கிறன்." அன்றைக்கு அவர் முதன்முதலாகக் குரலை உயர்த்தினார். எழுந்து போய், கூப்பிலும் அதே மாதிரி ஏறிப் பார்த்தார். கால் நீட்டின வாக்கிலேயே உள்ளே போனது. "இதுதான். எழுதும் தம்பி."

"எழுதாதையும்," என்றாள் புனிதவதி.

அவள் செடானின் பின் கதவைத் திறந்து பிடித்தாள். வன்னியிலிருந்த தம்பி குடும்பத்தோடு அவள் கடைசியாகக் கதைத்தது தை மாதம். அன்றைக்கு, கனடாவுக்கு வந்தால் மாமாவின் வாகனத்தில் யன்னல் கரை யாருக்கென்று தம்பியின் மகனும் மகள் துர்க்காவும் ரெலிபோனிலேயே சண்டை பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அகதி முகாமில்தான் இருப்பார்கள் என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். கூடப்பிறந்ததுகளைக் கூப்பிடக் கனடாச் சட்டம் விடாது என்று இரத்தினவேல் பத்து வருஷமாகச் சொல்லிவந்தது, அவள் காதில் சட்டமாக ஒருநாளும் விழுந்ததில்லை. மனுசனுக்கு மனமில்லை என்றுதான் விழுந்தது.

"அப்ப சட்டம் விடாது எண்டியள். இப்ப கதவையும் இல்லாமல் செய்யிறியள். என்ரை ஆக்கள் வந்திடுவினம் எண்டு அவ்வளவு பயமோ?" அவள் பின் சீற்றில் கையால் அடித்துக் காட்டினாள். "முன்னுக்குத் தம்பி. இதிலை அவன்ரை மனுசி. இதிலை பெடியன். இந்த யன்னல் கரையிலை துர்க்கா. நான் பஸ்ஸிலை வாறன், எனக்கு இடம் வேண்டாம். உங்கடை ரெண்டு கதவுக்குள்ளை அதுகளை எங்கை இருத்துவியள்? சொல்லுங்கோ."

இக்னேசியஸ் கோப்பி எடுத்துவரும் சாட்டில் மெல்ல நழுவினார்.

இரத்தினவேல் வந்து, அவள் பிடித்திருந்த கதவைச் சாத்தினார். சாத்திய கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வவுனியா ஆஸ்பத்திரியிலையிருந்து ஒரு சிஸ்டர் ரெலிபோன் எடுத்தவ, புனிதம். நான் உடனை லோயரிட்டைப் போனனான்." அவர் அவளைப் பார்க்கவில்லை. "கூடப்பிறந்ததுகளைக் கூப்பிட விடாத சட்டம், தாய் தேப்பன் இல்லாத பிள்ளையைக் கூப்பிட விடுமாம். துர்க்கா மட்டும்தான் வருவாள். அவள் முன்னுக்குத்தான் இருக்கவேணும், வலது கால் மடங்காது."