ஒண்ணாங்கிளாஸ் எருமை

டீச்சர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த உயரம் சுபிக்ஷாவுக்கு எட்டாது. ஆறு வயசு.

குழந்தைக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். ஆண்டு விழாவுக்கென்று எடுத்த புதுப் புடவை. அழுக்கானால் ஆகட்டும்.

சுபிக்ஷா கையில் நாலு பக்கப் புத்தகம். சார்ட் அட்டையை மடித்து நூலால் தைத்தது. கதை அவள் சொன்னது. படமும் அவளே போட்டது. படத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்தது மட்டும்தான் டீச்சர்.

அந்த எழுத்தின்மேல் நேற்று சிவப்பு மை விழுந்தது.

"எருமை பெரிய சார் பேச்சைக் கேக்கலையாம். இதைக் கல்வி அதிகாரி முன்னாடி வாசிக்க வைப்பீங்களா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகளுக்குப் பெரிய சார் அவர்தான். "திருத்தியிருக்கேன். இதை மட்டும் வாசிக்கட்டும். இந்த ஒரு கதை போதும், வேற பிள்ளைங்க வேண்டாம். ஏதாவது மாறுச்சு, வெள்ளிக்கிழமை கதைப் பீரியடை எடுத்துடுவேன்."

அவர் திருத்தியதில் எருமை கைகட்டி மன்னிப்புக் கேட்டது. கடைசியில் கட்டம் கட்டி ஒரு நீதி வேறு.

எருமை எந்தக் கையைக் கட்டுமாம்?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தாள்.

மனுஷர் ஒரு நாளாவது ஒண்ணாங்கிளாஸ் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சுபிக்ஷாவுக்கு இன்னும் வாசிக்க வராது. படத்தைப் பார்த்துத்தான் கதை சொல்லுவாள்.

படத்தை யாரும் திருத்தவில்லை.

"ஒரு எருமை. அது ஒண்ணாங்கிளாஸ்ல சேந்துச்சு. பெரிய சார் வெளிய போன்னாரு. அது போகல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"கம்பு எடுத்துட்டு வந்தாரு. அப்பவும் போகல. அவரு சேர்லயே ஏறி உக்காந்துக்கிச்சு."

"டீச்சர், மைக்கை வாங்குங்க!" முதுகுக்குப் பின்னால் தலைமையாசிரியரின் குரல்.

டீச்சர் கூட்டத்தில் தன் வகுப்பைப் பார்த்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள். வாரம் முழுக்க வெள்ளிக்கிழமை எப்போ எப்போ என்று அரிக்கிற பிள்ளைகள். திங்கட்கிழமை அதுகளிடம் என்ன சொல்வது?

மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

முன் வரிசையிலிருந்து கல்வி அதிகாரி கேட்டார். "சரி பாப்பா, கதையோட நீதி என்ன?"

எல்லாக் கதைக்கும் கேட்கிற கேள்விதான்.

சுபிக்ஷா கடைசிப் படத்தை உற்றுப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மைக்கை மட்டும் பிடித்திருந்தாள்.

"அது இன்னும் போகல சார்."

தலைமையாசிரியர் முன்னால் வந்து நின்றார். மைக்குக்காகக் கையை நீட்டினார்.

டீச்சர் மைக்கோடு மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.