மெர்சி என்றொரு சொல்

கும்பகோணத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதித் தரும் வானதியிடம், குடவாசல் மீரா உசேன் வந்திருந்தார். வளைகுடா நாட்டு நீதிமன்றத்துக்கு அன்று மாலைக்குள் ஒரு கடிதம் போயாக வேண்டும்.

“ஷஹ்பாஸ்னு பேரும்மா. சின்னப் பையன். அவன் ஓட்டின லாரி மோதி ஒரு உயிர் போயிடுச்சு. இந்தக் கடிதம் போனாத்தான் ஜெயில்லேருந்து விடுவாங்க.”

மகனுக்காக இப்படி வந்து நிற்கும் தகப்பன்களை வானதி நிறையப் பார்த்திருந்தாள். ‘பிட்டி’ கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, வாசித்துக் காட்டினாள்.

“அப்படின்னா என்னம்மா?”

“பரிதாபம். மேல நிக்கறவங்க கீழ இருக்கறவங்களைப் பார்த்துப் படறது.”

“வேண்டாம். அவன் யாருக்கும் கீழ இல்ல.”

“சரி, ‘சிம்பதி’ன்னு போடறேன். பக்கத்துல நின்னு வருத்தப்படறது.”

“ஊரே வருத்தப்பட்டாச்சு. ஜெயில் கதவு தொறக்கலையே?”

வானதி அந்தச் சொல்லையும் அடித்தாள்.

“அப்ப ‘மெர்சி’தான் பாய். தண்டிக்க உரிமை உள்ளவங்க, தண்டிக்காம விட்டுடறது.”

“அதைப் போடுங்க.”

‘மெர்சி’ கேட்கிறேன் என்று எழுதி முடித்தவளுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

“ஆனா அந்த ஊர்ச் சட்டப்படி, செத்தவரோட குடும்பம்தானே மனசு வைக்கணும்? பிள்ளையைப் பறிகொடுத்தவங்க அவ்வளவு சுலபமா தருவாங்களா?”

உசேன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சுலபமா இல்லம்மா. மனசு வைக்க எட்டு மாசம் ஆச்சு. கீழ, ‘இறந்துபோன ஜாஃபர் சாதிக்கோட அத்தா மீரா உசேன்’னு போடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

‘மெர்சி’யை அப்படியே விட்டுவிட்டு, ‘கேட்கிறேன்’ என்ற சொல்லை மட்டும் வானதி ‘தருகிறேன்’ என்று மாற்றினாள்.