வெளியேறும் நேரம்

அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு ஹெப்சிபா மூன்று வருடங்களாகக் கன்சல்டன்டாக வந்துபோகிறாள். அடையாள அட்டை கிடையாது. தினமும் வாசலில் விசிட்டர் நோட்டில் எழுத வேண்டும். உள்ளே வந்த நேரத்தை எழுதும்போதே வெளியேறும் நேரத்தையும் எழுதிவிடுவாள்: ஐந்தரை. “அது போகும்போது எழுதறது மேடம்” என்று செக்யூரிட்டி ஏழுமலை முதல் மாதம் முழுக்கச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

இன்று காலை மேலாளர் அவள் மேசையில் ஒரு அட்டையை வைத்தார். அவளைக் கேட்காமலே அவள் படத்தை அச்சடித்திருந்தார்கள். “பெர்மனன்ட் ஆக்கியாச்சு. இனிமே நோட்டுல எழுதற தொல்லையே இல்ல.”

“அப்ப வெளிய போற நேரத்த எங்க எழுதறது?”

அவர் சிரித்தார். “அதெல்லாம் இங்க யாரும் எழுதறதில்ல. கன்சல்டன்டே வேணாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. இஷ்டமில்லன்னா இப்பவே கெளம்பிடலாம்.”

“அஞ்சரைன்னு எழுதிட்டேன் சார்” என்று திரையின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். அட்டை வைத்த இடத்திலேயே கிடந்தது. அதிலிருந்த முகம் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் வாசலுக்கு வந்தபோது ஏழுமலை கடிகாரத்தையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நாளைக்கு மேடம்?”

“வேற கம்பெனி கேட்டு, வேற நோட்டு அண்ணா. அஞ்சரைய மட்டும் மாத்தறதா இல்ல.”