ஐந்து முட்டை

லிங்கம்மாளின் வயிறு உப்பியதைத் தொந்தி என்றே கணவன் சேர்மக்கனி மாதக்கணக்கில் கேலி செய்துவந்தான். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று சுகாதார நிலையத்தில் சொல்லி, காரணத்தைக் கண்டறியும் பட்டையொன்றை அவள் இடுப்பில் கட்டி அனுப்பினார்கள்.

மத்தியானம் அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது பட்டை நிதானமாகப் பேசியது. "ஈரல், இதயம், சிறுநீரகம் மூன்றும் நலம். உடம்பில் புரதம் இல்லாததால்தான் நீர் கோக்கிறது. இவர் பல மாதங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை."

லிங்கம்மாள் முந்தானையால் பட்டையை மூடினாள். "அது கெடக்கு, நீங்க சாப்பிடுங்க."

"மிஷினு ஒளறுது," என்றான் சேர்மக்கனி. "நாம அஞ்சு பேரு. தெனமும் எண்ணி அஞ்சு முட்ட வாங்கிட்டு வாரேம்லா."

பிள்ளைகள் மூவரின் தட்டிலும் ஒவ்வொரு முட்டை இருந்தது. அவன் தன் தட்டைப் பார்த்தான். எப்போதும்போல அதில் இரண்டு இருந்தன.