லிஃப்டில் ஒட்டிய பட்டியல்

ஒரு சலவைக்கு ஐம்பது லிட்டர்தானாம்.

கடைப்பெண் சொன்னதை அவள் மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். முன்பக்கம் கதவு வைத்த மிஷின். வீட்டில் இருப்பது இதைப்போல இரண்டு மடங்கு குடிக்கும்.

கணவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஐந்து மாதமாக லிஃப்டுக்குள் பட்டியல் ஒட்டுகிறார்கள், எந்த வீட்டு மீட்டர் எத்தனை லிட்டர் ஓடியது என்று. டேங்கர் லாரியை நம்பியிருக்கும் குடியிருப்பு, வேறென்ன செய்வார்கள். ஐந்து மாதமும் முதலிடம் இவர்கள் வீட்டுக்குத்தான். இருப்பதோ மூன்றே பேர்.

பிளம்பர் வந்து பார்த்தார். எங்கும் கசிவில்லை.

மிஷின்தான் காரணம் என்று அன்றைக்கு முந்திக்கொண்டு சொன்னது அவள்.

பாவம், வாயில்லா ஜீவன். பழியை ஏற்றுக்கொண்டது.

கணவன் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறவன். குளியலறைக் குழாய் மணிக்கணக்கில் ஓடுவதை அவன் கேட்டதில்லை. அவள் கேட்கிறாள், கதவுக்கு வெளியே நின்று, தட்டலாமா வேண்டாமா என்று. ஒருநாள் வால்வை மூடிப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த மகளின் அழுகைக்குப் பயந்து உடனே திறந்துவிட்டாள்.

பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்றிருந்தாள்.

பரீட்சை முடிந்து இரண்டு மாதமாகிறது.

மகள் சிந்துஜா துப்பட்டாவுக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். கடைப்பெண் மிஷின் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னாள். மறுக்கத் தெரியாமல் சிந்துஜா ஒரே ஒரு விரலால் தொட்டாள்.

அவ்வளவுதான். முகம் மாறிவிட்டது.

"அம்மா, கை கழுவிட்டு வந்துடறேன்."

கடைக்குள் வந்து இது நான்காவது தரம்.

கணவன் ரசீதுக்குப் பெயரும் முகவரியும் சொல்லிக்கொண்டிருந்தான். புது மிஷின் வரும். அடுத்த மாதமும் அதே பட்டியல் வரும். அப்புறம் அவள் எதன்மேல் பழி போடுவாள்?

மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சிந்துஜா இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. துப்பட்டாவை விலக்கி, அந்த இரண்டு கைகளையும் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

தோல் வெடித்திருந்தது. விரலிடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பு.

"நம்ம பழைய மிஷின் நல்லாத்தாங்க இருக்கு."

அவன் முகவரியைப் பாதியில் நிறுத்தினான்.